பேசாத வாரத்தின் சராசரி

என் மாமனாரைக் கீழே இறக்கியது கம்பெனி டாக்டர். துறைமுகத்தில் இரும்புப் பெட்டிகளைக் கப்பலிலிருந்து தூக்கி இறக்கும் பெரிய கிரேனின் உச்சியில், ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து வேலை செய்கிறவர் மாமா. வருடாந்தரச் சோதனையில் பிரஷர் எகிறி நின்றதைப் பார்த்த டாக்டர், ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, ஆளைக் கிடங்கு வேலைக்கு மாற்றிவிட்டு, ஒரு மாதம் கெடு வைத்தார். வீட்டிலேயே பிரஷர் பார்த்துக்கொண்டு வரவேண்டும். மேல் அளவின் சராசரி நூற்று நாற்பதுக்குக் கீழே நிற்கிறது என்று காட்டினால் மறுபடி ஏறலாம். இல்லையென்றால் ஓய்வு பெறுகிறவரை கிடங்கில் உட்கார்ந்து கயிறும் கொக்கியும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கிடங்கு வேலை நல்ல வேலைதான். நிழல் உண்டு, மின்விசிறி உண்டு. ஆனால் மாமாவுக்கு அது தண்டனை. முதல் நாள் வேலை முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்குப் போய், தூரத்தில் தெரியும் கிரேன்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கிரேனை வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டியை இப்படியா இறக்குவான், பூ மாதிரி வைக்க வேண்டாமா என்று தனக்குள்ளேயே திட்டினார். மனிதர் வேலையை இவ்வளவு நேசிப்பார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சராசரி என்ற சொல் காதில் விழுந்ததுமே வீட்டில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஒரு நாளில் வந்து விழுகிற லட்சம் சோப்பில் கொஞ்சத்தை எடுத்து நிறுத்துப் பார்த்து, லட்சத்துக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்வது என் பிழைப்பு. கல்யாணமாகி வந்த புதிதில் இதை மாமாவிடம் பெருமையாகச் சொல்லப்போய், அன்றிலிருந்து என் பெயர் ‘கணக்கு’. தண்ணீர் வேண்டுமென்றாலும் கணக்கு, டீவி சத்தத்தைக் குறைக்கச் சொல்வதானாலும் கணக்கு.

“கணக்கு, உன் மாமனாரை மேல ஏத்திவிடறது உன் பொறுப்பு” என்றார் மாமா.

ஏற்றிவிடுகிறேன் என்று நானும் வாய்ச்சவடால் விட்டேன். கடையிலிருந்து ஒரு பிரஷர் மிஷின் வாங்கி வந்தேன். கையில் பட்டையைச் சுற்றி பட்டனை அழுத்தினால் தானே காற்றடித்துக்கொண்டு, தானே இறங்கி, எண்ணைக் காட்டி, அதை ஞாபகமும் வைத்துக்கொள்ளும். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. பட்டையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் நாற்காலியில் சாய்ந்து உட்கார வேண்டும், அதற்குப் பிறகுதான் பட்டன். அந்த நேரம் முழுக்க மாமா வாயே திறக்கக் கூடாது. பேசினால் அளவு தப்பாகக் காட்டும். இதையெல்லாம் இரண்டு முறை ஒப்பிக்கவைத்துவிட்டு, பொறுப்பை அத்தையிடம் கொடுத்தேன். நானும் என் கணவரும் விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிப் போனால் இருட்டித்தான் வருவோம். விடுமுறை நாளில் வீட்டில் இருந்தாலும், தொந்தரவு செய்யக் கூடாதென்று அந்த நேரத்தில் பக்கத்தில் போனதில்லை.

என் மாமியாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அத்தை பேசுவார். எழுந்ததும் ஆரம்பித்தால் படுக்கப்போகும்வரை பேசுவார். ஊமைக்கும் கூடப் பேச்சு வந்துவிடும் அவரோடு ஒரு வாரம் இருந்தால். வெளியில் வாயில் கொழுக்கட்டையா என்று கேட்கும்படி இருக்கிற மாமா, வீட்டில் அத்தைக்கு மட்டும் சரிக்குச் சரி பதில் சொல்வார். அத்தை ஒன்று சொன்னால் மாமா ஒன்று. குழாய் ஒழுகுகிறது என்பார் அத்தை. நீ இறுக்கித் திருகித் திருகித்தான் ஒழுகுகிறது என்பார் மாமா. வந்த புதிதில் இவர்களுக்குள் ஏதோ பெரிய மனஸ்தாபம் என்று நினைத்து நான் பயந்துபோயிருக்கிறேன். என் கணவர்தான், “இது சண்டை இல்ல, இவங்களுக்கு இதுதான் காத்து” என்று சொல்லிச் சிரித்தார்.

இரண்டு வாரம் ஆனதும், ஒரு விடுமுறை நாளில் மிஷினை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருபத்தெட்டு அளவு. சராசரி நூற்று ஐம்பத்திரண்டு. மாமா எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார்.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சுற்றி வளைத்தேன். பிரஷர் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், எல்லா நிமிடத்தையும் அளக்க முடியாது, நாம் இருபத்தெட்டு தடவை எட்டிப் பார்த்திருக்கிறோம், அதை வைத்துக்கொண்டு மிச்ச நிமிடங்களுக்கும் சேர்த்து ஒரு சராசரியை ஊகிக்கிறோம் என்றேன். ஊகத்தை ஒற்றை எண்ணாகச் சொல்லக் கூடாது. இந்த எண்ணிலிருந்து இந்த எண்ணுக்குள் இருக்கும் என்று இரண்டு வேலி போட்டுச் சொல்ல வேண்டும். அளவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகிப் போகின்றன, எத்தனை தடவை அளந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து வேலி அகலும், நெருங்கும்.

“வேலி எங்க இருக்கு, அதச் சொல்லு.”

“நூத்தி நாப்பத்தொம்பதுலேர்ந்து நூத்தி அம்பத்தஞ்சு, மாமா.”

அவர் மிஷினை வாங்கித் திருப்பிப் பார்த்தார். இது நிச்சயந்தானா என்று கேட்டார். நூற்றுக்கு நூறு நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது, இதே முறையில் நூறு தடவை வேலி போட்டால் ஏறக்குறைய தொண்ணூற்றைந்து தடவை உண்மையான சராசரி உள்ளே சிக்கும், ஐந்து தடவை வெளியே நிற்கும் என்றேன்.

“அப்ப அந்த அஞ்சுல நான் இருந்துட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குள் ஒரு மூலையில் பெருமையாகக்கூட இருந்தது. மூன்று புள்ளி இந்தப் பக்கம், மூன்று புள்ளி அந்தப் பக்கம். அத்தனை நெருக்கமான வேலி. தொழிற்சாலையில் என்றால் மேலாளர் தட்டிக்கொடுத்திருப்பார். அப்புறம்தான் மாடிப்படியில் அவர் கால் வைத்த சத்தம் காதில் விழுந்து எனக்கு அழுகை வந்தது. அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, எவ்வளவு என்று சைகையில் கேட்டார். சொன்னேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரம் எங்கள் தொழிற்சாலையில் சோப்பு அச்சு ஒன்று விரிசல் விட்டு, வரிசை முழுக்க நின்றுபோனது. சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் படியேறும்போதே அத்தையின் குரல் கேட்டது. கதவு ஒருக்களித்திருந்தது.

மாமா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் பட்டை. உதட்டை இறுக்கி மூடியிருந்தார். அவருக்கு நேர் எதிரே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அத்தை கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார். குளியலறைக் குழாய், நாத்தனார் வீட்டுக்குப் போனபோது மாமா தன்னை விட்டுக்கொடுத்துப் பேசியது, நல்ல சட்டை இருக்கும்போது சாயம்போன சட்டையையே மாட்டிக்கொண்டு போவது, மகன் சின்னவனாக இருந்தபோது பள்ளிக்கூட விழாவுக்கு வராதது. ஒவ்வொன்றுக்கும் மாமாவின் முகம் சிவந்தது. புருவம் ஏறி இறங்கியது. பதில் தொண்டைவரை வந்து, பட்டையைப் பார்த்து, உள்ளே போவது எனக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. அத்தை கடைசிக் குற்றச்சாட்டை முடித்துவிட்டுப் பட்டனை அழுத்தினார். மிஷின் உறுமி அடங்கி, நூற்று ஐம்பத்தாறு காட்டியது.

“பாருங்க, இன்னும் எறங்கல” என்று கவலையோடு சொல்லிவிட்டு, பட்டையை அவிழ்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு அத்தை அடுப்படிக்குப் போய்விட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்த மாமா, திறந்த வாயோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

தினமும் இப்படித்தானா என்று நான் பின்னாலேயே அடுப்படிக்கு ஓடிப்போய்க் கேட்டேன். அத்தைக்கு நான் ஏன் பதறுகிறேன் என்றே புரியவில்லை.

“அவரைத்தானே பேசக் கூடாதுன்ன? என்னை ஒண்ணும் சொல்லலையே” என்றார். “வேற எப்பம்மா இந்த மனுஷன் வாயை மூடிட்டு ஒரு எடத்துல உக்காருறாரு? ஒண்ணு சொன்னா ஒம்பது சொல்லி என் பேச்சையே மாத்திடுவாரு. இந்த அஞ்சு நிமிஷந்தான் நான் ஆரம்பிச்சதை முடிக்க முடியுது.”

இருபத்தெட்டு அளவு என்று மார்தட்டிக்கொண்டேனே, அத்தனையும் ஒரே நாற்காலியில், ஒரே முக்காலிக்கு எதிரில் எடுத்தவை. மிஷின் சரி, கூட்டல் சரி, வேலி சரி; எடுத்த இடம் மட்டும் தப்பு. லட்சம் சோப்பில் ஒரே ஒரு விரிசல் அச்சிலிருந்து வந்ததை மட்டும் பொறுக்கி எடுத்து நிறுத்துவிட்டு, லட்சமும் இப்படித்தான் என்று சொன்னால் எப்படி இருக்கும்? வேலி அவ்வளவு நெருக்கமாக வந்ததற்கும் அதுவே காரணம். மாமாவின் மாதத்தை நாங்கள் அளக்கவே இல்லை. வாய் கட்டப்பட்ட மாமாவை மட்டும் திரும்பத் திரும்ப அளந்திருக்கிறோம்.

சந்தோஷத்தில் எனக்கு நிதானம் இல்லாமல் போய்விட்டது. “அப்ப மாமாவுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க பேசுறதுதான் அத்தை ஏத்திவிடுது” என்று கூடத்துக்கே கேட்கும்படி கத்தினேன். அத்தையின் கையிலிருந்த கரண்டி நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அத்தை பேசுவதை நிறுத்திவிட்டார்.

கோபத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதல்ல அது. அப்படி இருந்தால் சமாளித்திருக்கலாம். சாப்பாடு வேளைக்கு வந்தது, துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது, கேட்டதற்குத் தலையசைப்பு கிடைத்தது. சத்தம் மட்டும் இல்லை. குழாய் சொட்டுவது மாடிவரை கேட்டது. “வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடுச்சு” என்றார் என் கணவர், அதையும் குசுகுசுவென்று.

நான் இந்த முறை ஏமாறக் கூடாது என்று ஏற்பாட்டை மாற்றியிருந்தேன். விழித்திருக்கும் எந்த நேரத்திலும் அளவு எடுக்க நேரலாம். நேரத்தை மாமாவும் முடிவு செய்யக் கூடாது, அத்தையும் கூடாது, நானும் கூடாது. கம்ப்யூட்டரைத் தாயம் உருட்டுகிற மாதிரி எண்களை உருட்டச் சொல்லி, அது சொன்ன நேரங்களை மாமாவின் கைபேசியில் அலாரமாக வைத்துக் கொடுத்தேன். மிஷினைப் பையில் போட்டுக்கொண்டு கிடங்குக்கும் எடுத்துப் போனார். சிலது சத்தத்தில் கேட்காமல் தவறியதுபோக, அந்த வாரம் ஒன்பது அளவு தேறியது.

சராசரி நூற்று நாற்பத்தாறு. அளவுகளும் கொஞ்சம், அவை சிதறியதும் அதிகம் என்பதால் வேலி அகன்றுபோய், நூற்று முப்பத்தொன்பதிலிருந்து நூற்று ஐம்பத்துமூன்றுவரை நின்றது. டாக்டர் சொன்ன நூற்று நாற்பது வேலிக்குள்ளேயே கால் வைத்துக்கொண்டிருந்தது.

மேலேயா கீழேயா, ஒன்றைச் சொல் என்றார் மாமா. சொல்ல முடியாது, இன்னும் அளந்தால்தான் தெரியும் என்றேன். சொல்ல முடியாது என்று சொல்வதற்கா உனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்டார். கேலிதான், ஆனால் குரலில் உயிரில்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. தூக்கமில்லாத முகம்.

எனக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. அத்தை பேசித்தான் பிரஷர் ஏறியது என்றால், பேசாத வாரத்தில் ஏன் இறங்கித் தொலைக்கவில்லை?

எங்களுக்கு விடுமுறையான ஒரு நாள் காலை, மாமா கிடங்குக்குக் கிளம்பும் முன், அத்தை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போய்ப் பக்கத்தில் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். இன்னும் இரண்டு துணியை உதறிக் காயப்போட்டார். பிறகு என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

“அவர் மேல ஏறக் கூடாதுன்னு நான் நெனைக்காத நாள் கெடையாது. அவ்வளவு ஒசரத்துல தலை சுத்துச்சுன்னா தாங்கிப் பிடிக்க யாரு இருக்கா? கீழ எறக்கினதும் நிம்மதியாத்தான் இருந்துச்சு. ஆனா மாடியில நின்னு அந்தக் கிரேனையே பாக்குறாரே, அதைப் பாக்க முடியலம்மா. நான் பேசித்தான் அவருக்கு ஏறுதுன்னா, நான் பேசாமயே இருந்துட்டுப் போறேன். அவர் ஏறட்டும் மேல.”

நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். நாம் தெரிந்துகொள்ள வேண்டியது மாமாவின் சாதாரண நாள்களின் சராசரி, நீங்கள் பேசாத நாள் இந்த வீட்டில் சாதாரண நாளே கிடையாது, முதலில் ஒரு தப்பான இடத்தில் அளந்தோம், இப்போது இன்னொரு தப்பான இடத்தில் அளந்துகொண்டிருக்கிறோம் என்றேன். பழையபடி பேசுங்கள், ஐந்து நிமிடம் மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். அத்தை பிடிகொடுக்கவில்லை. காலி வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாமா இதைக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அன்று சாயங்காலம் கிடங்கிலிருந்து வந்தவர், கிரீஸ் அப்பிய சட்டையைக் கழற்றி, அத்தை ஊறவைத்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே நிதானமாக அமுக்கினார். அமுக்கிவிட்டு அங்கேயே நின்றார். அத்தை வந்து பார்த்தார். சட்டையை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, விரிப்புகளைப் பிழிந்து வேறு தண்ணீரில் போட்டார். ஒரு சொல் வரவில்லை. மாமாவின் முகம் விழுந்துவிட்டது. என் கணவர், அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று என்னிடம் சைகை செய்தார்.

மனிதர் விடவில்லை. கூடத்தின் நடுவில் உட்கார்ந்து தன் தங்கைக்கு போன் போட்டார். நலம் விசாரித்துவிட்டு, வீட்டில் எல்லோரும் கேட்கும்படி, “உன் கையால சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு. இங்க சாப்பாடு ஏதோ ஓடுது. அண்ணிக்கு உன் கைப்பக்குவம் என்னைக்கும் வராது, அதை நான் எப்பவும் சொல்லுவேன்” என்றார்.

அடுப்படியில் ஏதோ பாத்திரம் ‘ணங்’ என்றது. அத்தை வெளியே வந்தார்.

எதைச் சொல்ல, எதை விட. கைப்பக்குவத்தில் ஆரம்பித்து, கல்யாணமான முதல் மாதத்தில் அந்தத் தங்கை அடிப்பிடிக்கவிட்ட பாத்திரத்தைத் தேய்த்தது யார் என்பதற்குப் போய், கிரீஸ் சட்டைக்குத் திரும்பி, ஒரு வாரமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் பொரிந்து விழுந்தது. மாமாவும் சளைக்கவில்லை. போனை மூலையில் போட்டுவிட்டு எழுந்து நின்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். முக்காலி காலத்திலிருந்து பாக்கி வைத்திருந்த பதில்களையும் சேர்த்துச் சொன்னார். பள்ளிக்கூட விழாவுக்கு ஏன் வரமுடியவில்லை என்பதும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. கப்பல் ஒன்று கிளம்ப வேண்டியிருந்ததாம். நானும் என் கணவரும் சுவரோரமாகச் சாய்ந்து நின்று சிரிப்பை அடக்கினோம்.

அந்த நேரம் பார்த்து அலாரம் அடித்தது.

மாமா உடனே போய் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். அத்தை பட்டையைக் கட்டினார். கட்டிவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அந்த ஐந்து நிமிடம் அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. மிஷின் உறுமி அடங்கி நூற்று முப்பத்தொன்று காட்டியது. எண்ணைப் பார்த்து, கையை எடுத்து, “அதனால நான் என்ன கேக்குறேன்னா” என்று விட்ட இடத்திலிருந்து பிடித்தார் அத்தை.

விஷயம் எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அத்தையின் பேச்சு எந்தக் காலத்திலும் மாமாவுக்கு எதையும் ஏற்றியதில்லை. பதில் சொல்லவிடாமல் உட்காரவைத்ததுதான் ஏற்றியது. அப்படி உட்காரவைத்தது நான் போட்ட சட்டம்.

கெடு முடிவதற்குள் இன்னும் இருபத்தைந்து அளவு சேர்ந்தது. சண்டைக்கு நடுவில் சில, சாப்பாட்டுக்குப் பிறகு சில, கிடங்கில் சில, டீவி பார்த்துத் தூங்கி வழியும்போது ஒன்று. சராசரி நூற்று முப்பத்துமூன்று. வேலி நூற்று இருபத்தொன்பதிலிருந்து நூற்று முப்பத்தேழுவரை. நூற்று நாற்பது வேலிக்கு வெளியே நின்றது. மூன்று கணக்கையும் தனித்தனித் தாளில் எழுதி வைத்தேன்.

டாக்டரிடம் கடைசித் தாளை மட்டும் காட்டினால் போதாதா என்று என் கணவர் கேட்டார். பிடிக்காத அளவுகளைத் தூக்கிப் போடுகிறவள் என்று தெரிந்தால் என்னைச் சோப்புத் தொழிற்சாலை வாசலில்கூட நிற்கவிடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு மூன்று தாளையும் எடுத்துக்கொண்டேன். அத்தையும் கிளம்பினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது மாமாவின் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. அத்தை பார்த்துவிட்டு அதன்மேல் கை வைத்து அழுத்தினார்.

டாக்டர் மூன்று தாளையும் மேசையில் பரப்பிவைத்து மாறி மாறிப் பார்த்தார். ஒரே மனிதர், ஒரே மாத்திரை, மூன்று சராசரி. நான் எதை நம்புவது என்று கேட்டார். நான் முதல் தாளில் நடந்த தப்பை விளக்கினேன். அவருக்குச் சிரிப்பு வந்தாலும் விடவில்லை. சரி, மூன்றாவதை ஏன் நம்ப வேண்டும், அந்த நாள்களில் எல்லோரும் அவரைத் தாங்கு தாங்கென்று தாங்கியிருந்தால், என்றார். நியாயமான கேள்வி. நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், வெளியாள் முன்னால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மாமா பேசினார்.

“டாக்டர், அந்த நடுத் தாளைப் பாருங்க. நூத்தி நாப்பத்தாறு. அது இவ பேசாத வாரம். அந்த வாரம் நான் தூங்கல. சோறு எறங்கல. இவ என்னைத் தாங்கவே வேண்டாம், திட்டட்டும். எனக்கு அதுதான் வீடு. பதில் சொல்ல மட்டும் விட்டாங்கன்னா எனக்கு ஒண்ணும் ஆகாது.”

அத்தை மாமாவின் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து அவரைப் பார்த்தார்.

“இதை ஒரு நாள் வீட்ல சொல்லியிருந்தா என்னவாம்?”

“நீ எங்க விட்ட?”

டாக்டர் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு கொஞ்சம் சிரித்தார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு என்னிடம் ஒன்று சொன்னார். கணக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லாமே கீழே எடுத்த அளவு. மேலே உட்கார்ந்திருக்கும் நேரம் எதிலும் இல்லையே? நான் தலையசைத்தேன். அளக்காத இடத்துக்கு எந்த வேலியும் போட முடியாது.

அத்தையின் கை மாமாவின் முழங்காலை மறுபடி இறுக்கியதை நான் பார்த்தேன். அத்தை பயந்தது இந்த இடத்துக்குத்தான்.

கடைசியில் டாக்டர் ஒரு மாதத்துக்கு மட்டும் அனுமதி எழுதினார். மிஷினை மேலே எடுத்துப் போக வேண்டும். கிரேனை நிறுத்தி வைக்கும் இடைவேளைகளில் கண்ணாடி அறைக்குள்ளேயே அளக்க வேண்டும். எந்த இடைவேளை என்பதை அவர் முன்கூட்டித் தெரிந்துகொள்ளக் கூடாது. அதற்கென்ன, அலாரம் வைத்துவிடலாம் என்று நான் ஆரம்பித்தேன்.

“அலாரம் வேணாம்” என்றார் அத்தை. “நான் கூப்பிடுறேன்.”

அவரவர் மனம் நினைத்த நேரத்தில் கூப்பிடுவது குலுக்கிப்போட்டு எடுப்பது ஆகாது, பயம் வரும்போதெல்லாம் கூப்பிடுவார், அளவு ஒரு பக்கமாகச் சாய்ந்துபோகும் என்று சொல்வது என் கடமை. என் வாய் வரைக்கும் வந்தது. ஆயுசில் முதல் தடவையாக, அளவு எடுக்கும் முறையில் இருக்கிற தப்பைத் தெரிந்தே விட்டேன்.

மாமா மேலே ஏறிய முதல் நாள் நான் வீட்டில் இருந்தேன். இடைவேளை நேரத்தில் அத்தை கைபேசியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். தூரத்தில் கிரேன் கையை நீட்டியபடி அசையாமல் நின்றது. மணி அடித்ததும் மாமா எடுத்தார். பின்னணியில் காற்று இரைந்தது. அத்தை நலம்கூட விசாரிக்காமல், காலையில் விளக்கை அணைக்காமல் போனதைப் பிடித்துக்கொண்டார். மாமா அங்கிருந்து பதில் சொன்னார். கொஞ்ச நேரம் அது நடந்தது.

“சரி, கட்டுங்க” என்றார் அத்தை.

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. அத்தை கைபேசியைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டு, அந்தக் கிரேனின் உச்சியையே பார்த்துக்கொண்டு, அவர் மூச்சு விடுவதை ஐந்து நிமிடமும் கேட்டுக்கொண்டு நின்றார்.